கழுத்துக்கு மட்டும் காப்புறுதி இல்லை: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும், மருத்துவக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களின் இடர் மதிப்பீட்டுப் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பும் பிழைதிருத்தமும் செய்கிறேன். இந்த வேலைக்கு வந்து 18 வருடங்கள் ஆகின்றன. எங்களுக்கு வரும் வேலைகளில் பெரும்பங்கு கல்வெட்டு. கொழும்பில் இருக்கும் உங்களில் சிலருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், நன்றியுரை எல்லாம் சேர்த்து, அந்தியேட்டி எனப்படும் 31 ஆம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு நூல் அது. கனடாவிலிருந்து படம் பிந்தி வரும். மருமகளின் பெயர் விடுபட்டுவிட்டதென்று லண்டனிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வரும். ஆனால் அந்தியேட்டி நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. ஆகவே நாங்கள் குனிந்தபடியே இருப்போம்.

2022 பங்குனியில் மின்வெட்டு ஒரு நாளில் பத்து மணித்தியாலத்தையும் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் வந்த நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். இரவு ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்குத் தொடங்கினோம். அப்படி இரண்டு வாரம் போன பிறகு, ஒரு நாள் காலையில் எழுந்தபோது என் தலை வலப்பக்கம் திரும்பவில்லை. பிடரியிலிருந்து தோள்பட்டைக்கு இறங்கும் தசை முறுக்கிப் பிழிந்த துணிபோல இறுகிக் கிடந்தது. அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுத்தார். மூன்றாம் நாளும் குறையாததால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போனேன். ஏறி ஓட முடியவில்லை. பின்னால் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வேண்டுமே.

அங்கிருந்த இளம் மருத்துவர் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மடலின் பாதி விடயம் அதில்தான் இருக்கிறது. பிடரியில் விரலால் அழுத்திப் பார்த்தார். நோ கை வழியாக விரல்களுக்கு இறங்குகிறதா, விரல் மரக்கிறதா என்று கேட்டார். தன் இரண்டு விரல்களை என் கையில் தந்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். முழங்கையில் சிறு சுத்தியலால் தட்டினார். காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, விழுந்தீர்களா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். “நரம்பில் ஒன்றும் இல்லை, தசை இறுகியிருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். எக்ஸ்-ரே எடுத்தார்கள். இயன்மருத்துவப் பிரிவுக்கு ஆறு முறை போனேன். நாடியை உள்ளிழுத்துக் கழுத்தை நிமிர்த்தும் பயிற்சியையும், மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டேன். சித்திரை முடிவதற்குள் தலை இரண்டு பக்கமும் திரும்பியது. அதன் பின்னர் இதற்காக ஒரு மாத்திரைகூட எடுத்ததில்லை.

2024 இல் மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தேன். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலை இலவசம். அந்த இலவசத்தில்தான் என் கழுத்தும் சுகமானது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அப்பாவின் இருதய சத்திரசிகிச்சைக்காக நாங்கள் காத்திருந்த மாதங்களும், 2022 இல் மருந்தில்லாமல் திரும்பி வந்த நாட்களும் என்னைப் பயப்படுத்திவிட்டன. அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. அச்சகத்தில் வேலை செய்கிறவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கையில் இருப்பதில் கொஞ்சம் கட்டி வைத்தால், என்றோ ஒரு நாள் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக நேர்ந்தால் கடன்படாமல் போகலாம் என்று நினைத்தேன்.

முகவராக வந்த தம்பி நல்ல பிள்ளை. வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் படிவத்தை நிரப்பத் தொடங்கினோம். ஒரு கேள்வி இப்படி இருந்தது: “உங்களுக்கு எப்போதாவது தசை, எலும்பு, மூட்டு, முள்ளந்தண்டு சம்பந்தமான ஏதேனும் கோளாறு, வலி அல்லது சிகிச்சை இருந்திருக்கிறதா?” ஆம், இல்லை என்று இரண்டு சிறு கட்டங்கள். விபரம் எழுத ஒரு விரலளவு கோடு.

‘எப்போதாவது’, ‘ஏதேனும்’ என்ற இந்த இரண்டு சொற்களோடும் தொழில் செய்கிறவள் நான். பிறந்ததிலிருந்து இன்றுவரை, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை என்பதுதான் அவற்றின் பொருள். இந்தக் கேள்விக்கு உண்மையாக ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு மனிதரை எனக்குக் காட்டுங்கள். மண்வெட்டி பிடித்த தோட்டக்காரர், வலை இழுத்த கடற்றொழிலாளி, கரும்பலகைக்குக் கை உயர்த்திய ஆசிரியை, பிள்ளையை இடுப்பில் சுமந்த தாய் என்று யாரை எடுத்தாலும் ஒரு நாளாவது தசை பிடித்திருக்கும்.

முகவர் சொன்னார்: “அக்கா, இதெல்லாம் எழுதத் தேவையில்லை. இல்லை என்று போடுங்கள். எழுதினால் சிக்கல்.” நான் எழுதினேன். தசை இறுக்கம், 2022 பங்குனி, ஆறு நாள் இயன்மருத்துவம், முழுச் சுகம் என்று எழுதினேன். மருத்துவர் தந்த துண்டையும் எக்ஸ்-ரே அறிக்கையையும் பிரதி எடுத்து இணைத்தேன். அந்த அறிக்கையில் இரண்டே வரிகள்தான் இருந்தன: கழுத்தின் இயல்பான வளைவு சற்றுக் குறைந்திருக்கிறது, தசை இறுக்கம் காரணமாக இருக்கலாம், எலும்புகளும் அவற்றின் இடைவெளிகளும் இயல்பாக இருக்கின்றன.

ஐந்து வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பத்தை ஏற்கிறோம், ஆனால் முள்ளந்தண்டு, கழுத்து, முதுகு, மூட்டுகள், அவற்றோடு தொடர்புடைய தசைகள், நரம்புகள் சம்பந்தமான எந்தச் சிகிச்சைக்கும் எக்காலத்திலும் கொடுப்பனவு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். சில வாரம் இறுகியிருந்த ஒரு தசைக்காக, தலையின் அடியிலிருந்து இடுப்பு வரைக்கும் என் உடலை விலக்கிவிட்டார்கள். நாளை நான் சைக்கிளில் போகும்போது ஒரு வாகனம் மோதி முதுகெலும்பு முறிந்தால் அதற்குப் பணம் கிடைக்குமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் அறியாதவள் இல்லை. நோய் வந்த பிறகு காப்புறுதி எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றால், சுகதேகியாக இருக்கும்போதே எடுத்தவரின் பணத்தில்தான் அது கழியும். முதுகுநோ மீண்டும் மீண்டும் வரக்கூடியது. ஊடுகதிர்ப் படங்கள், இயன்மருத்துவம், சில வேளைகளில் சத்திரசிகிச்சை என்று செலவு நீளக்கூடியது. கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தசை இறுக்கத்தையும் முள்ளந்தண்டு நோயையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு ஒரே அடையாளம் இடச் சொல்லும்போது, உங்களுக்கும் உண்மை கிடைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020 இல் உலகில் 61 கோடி 90 இலட்சம் பேருக்குக் கீழ்முதுகு நோ இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 90 வீதமானோரின் நோவுக்குக் குறிப்பிட்ட ஒரு நோயையோ சிதைவையோ காரணமாகக் காட்ட முடியாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எந்த நோவும் இல்லாத 3,110 பேரின் முள்ளந்தண்டுப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் ஒரு கட்டுரை வெளியானது. இருபது வயதுக்காரரில் 37 வீதமானோருக்கும் எண்பது வயதுக்காரரில் 96 வீதமானோருக்கும் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் இடைவட்டில் தேய்வு இருந்ததாக அது கண்டது. தலைமயிர் நரைப்பதைப் போன்றதுதான் அந்தத் தேய்வும். படத்தில் தேய்வு என்ற சொல் இருப்பதாலேயே ஒருவரை நோயாளி என்று எழுதிவிட முடியாது. என் அறிக்கையில் அந்தச் சொல்கூட இல்லை.

அந்த இளம் மருத்துவர் பத்து நிமிடத்தில் கேட்ட கேள்விகளை உங்கள் படிவமும் கேட்கலாம். நோ கைக்கோ காலுக்கோ இறங்கியதா? மரப்பு, பலவீனம் இருந்ததா? விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றீர்களா? எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருந்தீர்கள்? கடைசியாக எப்போது சிகிச்சை பெற்றீர்கள்? இவற்றை வைத்து எது இறுகிய தசை, எது நசிந்த நரம்பு என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். இடர் மதிப்பீடு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

இனி, ‘இல்லை’ என்று எழுதியவரின் கதை. எங்கள் ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். வேறொரு நிறுவனம், வேறொரு முகவர், அதே அறிவுரை. அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் படிவத்தை முகவரே நிரப்பினார், அவர் கையொப்பம் மட்டும் இட்டார். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் இடைவட்டு விலகி, கால் மரத்து, தனியார் வைத்தியசாலையில் ஐந்து நாள் இருந்தார். சேர்க்கும்போது மருத்துவர் எப்போதிருந்து நோ என்று கேட்டிருக்கிறார். மெஷினில் இருக்கும் எந்தப் பெண்ணும் சொல்வதையே அவரும் சொன்னார்: “முதுகு நெடுநாளாக இடைக்கிடை பிடிக்கும், ஐயா.” மருத்துவர் அதை நோயறிக்கை அட்டையில் ஒரு வரியாக எழுதினார். அந்த ஒரு வரியை எடுத்துக்காட்டி, முன்பிருந்த நோயை மறைத்தீர்கள் என்று இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். அவர் அடகு வைத்த சங்கிலி இன்னும் மீளவில்லை. காப்புறுதிக்கென்று குறைகேள் அதிகாரி ஒருவர் நாட்டில் இருக்கிறார் என்பதே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

அவர் இப்போது எந்த மருத்துவரிடமும் பழைய நோவைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதைத்தான் உங்களிடம் உரத்துச் சொல்ல விரும்புகிறேன். என் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் 24 வயதுப் பெண்ணுக்கு இப்போதே தோள் இறுகுகிறது. கிளினிக்குக்குப் போ என்றேன். “கொப்பியில் எழுதிவிட்டால் பிறகு காப்புறுதி எடுக்க முடியாதாமே, அக்கா” என்று கேட்கிறாள். இரண்டு வாரப் பயிற்சியில் தீரக்கூடிய ஒன்றை, பதிவாகிவிடும் என்ற பயத்தில் அவள் எண்ணெய் பூசி மறைத்துக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் பூசுவதைக் குறை சொல்லவில்லை. எங்கள் பரியாரிமாரின் கைப்பக்குவத்தில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் நரம்பு நசியத் தொடங்கினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் அவள் மருத்துவரின் முன்னால் இருக்கமாட்டாள். அப்போது வரும் செலவு உங்கள் கணக்கிலும் ஏறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும். என் துண்டின் ஓரத்தில் மருத்துவர் ‘வேலைப்பளு, மன அழுத்தம்’ என்றும் குறித்திருந்தார். உண்மைதான், யாருக்குத்தான் 2022 இல் மன அழுத்தம் இருக்கவில்லை? அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு, மனநலம் சம்பந்தமாக வேறொரு படிவத்தையும் நிரப்பச் சொன்னார்கள். இந்த மண்ணில் துக்கம் கழுத்திலும் முதுகிலும் தலையிடியிலும் வந்து உட்காரும். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனக்காயம் உடல்நோவாக வெளிப்படுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் தலைமுறையில் தசை இறுகாத ஆளைத் தேடினால், 2009 க்கு முந்திய வருடங்களை இங்கே வாழாத ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும். அதை ஒரு மருத்துவர் அக்கறையோடு குறித்து வைத்தால், அது எங்கள் மீதான குற்றப்பத்திரிகையாகக்கூடாது.

மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடப்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஆங்கிலச் சட்டத்தில் அதற்கு அடித்தளமாகச் சொல்லப்படுவது 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த ஒரு வழக்கு. சுமாத்திராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், கோட்டை அந்நியர் கையில் விழுந்தால் நட்டஈடு தரும்படி காப்புறுதி எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். அவர் பலவற்றை மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். தீர்ப்பு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஆளுநருக்கு. நல்லெண்ணம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும், கேட்டறிந்திருக்கக்கூடியதைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு மறைத்தாய் என்று சொல்ல முடியாது என்றும் போனது அந்தத் தீர்ப்பு. இரண்டரை நூற்றாண்டாக நீங்கள் எங்களுக்குக் காட்டும் விதியின் மற்றப் பாதி இது.

ஆங்கிலேயரே தங்கள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2012 இல் நிறைவேறிய சட்டத்தின்படி அங்கே சாதாரண நுகர்வோர், கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும்; கேட்காததைத் தாமாகச் சொல்லும் கடப்பாடு இல்லை. ஜெர்மனியில் இருக்கும் என் மைத்துனர், அங்கே தனியார் மருத்துவக் காப்புறுதிக்குப் போனபோது தசை இறுக்கம் அவருக்கும் இடைஞ்சலாகத்தான் இருந்தது என்றார். ஆனால் 2008 முதல் அங்குள்ள சட்டம், நிறுவனம் எழுத்தில் கேட்டவற்றுக்கு மட்டுமே விண்ணப்பதாரரைப் பொறுப்பாக்குகிறது. மருத்துவமனையில் தங்காத சிகிச்சைகளைப் பற்றி மூன்று வருடத்துக்கு உட்பட்டதையே பெரும்பாலும் கேட்கிறார்களாம். தரகர் மூலம் பெயர் சொல்லாமல் முதலில் விசாரித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. 2009 முதல் தனியார் நிறுவனங்கள் ‘அடிப்படைத் திட்டம்’ ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். தகுதியுள்ளவரை விலக்கோ மேலதிகக் கட்டணமோ இன்றி அதில் ஏற்றே ஆக வேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில், முன்பிருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024 இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தார்கள். 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, மறைத்தாய் என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்க முடியாது.

ஆணைக்குழுவினரே, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதிதாரரின் நலனைப் பாதுகாக்கும் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கிறது. அந்தப் பொறுப்பை நம்பித்தான் கேட்கிறேன். ‘எப்போதாவது’ என்ற சொல்லைப் படிவங்களிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். கேள்விக்கு ஒரு கால எல்லை வையுங்கள். தசையையும் முள்ளந்தண்டையும் வேறு வேறு கேள்விகளாக்குங்கள். விலக்கு விதித்தால் எந்த உறுப்புக்கு, எந்த நோய்க்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதட்டும்; விபத்து அதில் அடங்குமா என்பதையும் எழுதட்டும்; இரண்டு வருடம் நோவில்லாமல் இருந்தவர் மறுபரிசீலனை கேட்க வழி இருக்கட்டும். படிவத்தை முகவர் நிரப்பினால், யார் நிரப்பினார் என்று அவரும் கையொப்பமிடட்டும். மறுப்புக் கடிதத்தின் அடியிலும் குறைகேள் அதிகாரியின் முகவரியைத் தமிழில் அச்சிடட்டும். பக்கம் கட்டுகிறவள் சொல்கிறேன், அதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.

நிறுவனங்களில் கோப்புகளைப் பார்க்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் குனிந்திருக்கிறவர்கள். என் விண்ணப்பத்தைப் பார்த்தவரும் அந்த மாலையில் தன் பிடரியை ஒரு முறையாவது கையால் பிடித்துவிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். என் கோப்பை மறுபடி திறந்து பாருங்கள். எக்ஸ்-ரே அறிக்கையின் இரண்டாவது வரியை வாசியுங்கள்.

தசைகளுக்கான விலக்கையும் கழுத்துக்கான விலக்கையும் நீக்கும்படி எழுதிய கடிதத்தைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 2022 இல் என்னைச் சோதித்த பிரிவிலேயே சென்ற மாதம் மறுபடி சோதித்து, கழுத்து அசைவு இயல்பாக இருக்கிறது என்று வாங்கிய சான்றையும் அதில் இணைத்திருக்கிறேன். பதிலைத் தமிழில் எழுதுங்கள். தையல்கார அக்காவின் கோரிக்கையை அவர் கையொப்பத்தோடு குறைகேள் அதிகாரிக்கு நாங்களே தட்டச்சு செய்து அனுப்புகிறோம். படிவத்தை நிரப்பியது முகவரின் கையெழுத்துத்தான் என்பதைக் காட்டப் பிரதியும் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அச்சகப் பணியாளர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.